சொந்தமாக நிரப்பிய தோட்டா: நூறு சுட்டதும் ஸ்லைடு முழுசாக மூடுவதில்லை

ஹூஸ்டன்வாசி:
வணக்கம். ஒன்றரை வருடமாக இங்கே யு.எஸ்.பி.எஸ்.ஏ. (அமெரிக்கத் துப்பாக்கிச் சுடும் போட்டிச் சங்கம்) கிளப் போட்டிகளுக்குப் போகிறேன். என்னுடையது முழு எஃகு உடம்பு கொண்ட 9 மி.மீ. பிஸ்டல். ஆறு மாதமாகத் தோட்டாவை நானே நிரப்புகிறேன்: பூச்சுப் போட்ட, 124 கிரெய்ன் எடையுள்ள ஈய புல்லட், மொத்த நீளம் 1.150 அங்குலம். பவர் ஃபேக்டர் (புல்லட்டின் எடையையும் வேகத்தையும் வைத்துக் கணக்கிடும் வலு எண்) 130 வருகிறது, மைனர் என்ற குறைந்த வலுப் பிரிவுக்கு 125 போதும்.

முதல் நூறு தோட்டா வெண்ணெயாக ஓடும். அப்புறம் ஸ்லைடு (பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் ஓடும் பகுதி) இரண்டு மில்லிமீட்டர் மிச்சம் வைத்து நின்றுவிடுகிறது. கட்டைவிரலால் தள்ளினால் மூடிக்கொள்கிறது. போன ஞாயிறு ஒரே ஸ்டேஜில் மூன்று தடவை இப்படி ஆனது, மனசே விட்டுப்போயிற்று. கடையில் வாங்கிய தோட்டா முந்நூறு சுட்டும் ஒரு குறையும் இல்லை. ஒவ்வொரு முறையும் சுத்தம் செய்து, சேம்பர் (பேரலில் தோட்டா உட்காரும் அறை) உட்பட எண்ணெய் போட்டுத்தான் வைக்கிறேன். ஸ்லைடை முன்னே தள்ளி மூடும் ரீகாயில் ஸ்பிரிங்கும் புதுசு. எங்கே தேடுவது?

பழைய பித்தளை:
முதலில் ஒன்று. கட்டைவிரலால் தள்ளும் பழக்கத்தை விடுங்கள். முந்தைய சூட்டின் சத்தம் கொஞ்சம் மந்தமாக இருந்திருந்தால் புல்லட் பேரலுக்குள்ளேயே சிக்கியிருக்கலாம். அதன்மேல் இன்னொன்றைச் சுட்டால் பேரல் வெடிக்கும். மேகசினை எடுத்து, சேம்பரைக் காலி செய்து, பேரலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்த பிறகுதான் அடுத்த சூடு. போட்டி போனால் போகட்டும்.

இனி விஷயத்துக்கு வருவோம். சுத்தமான பேரலைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் தோட்டாவைச் சேம்பருக்குள் போட்டுப் பாருங்கள். 'டொக்' என்று விழ வேண்டும், விரலால் சுழற்றினால் சுழல வேண்டும், கவிழ்த்தால் தானாக வெளியே வர வேண்டும். பிறகு நூறு சுட்டுவிட்டு, சுத்தம் செய்யாமல் அதே சோதனை. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று சொல்லுங்கள்.

ஹூஸ்டன்வாசி:
சுத்தமான பேரலில் 'டொக்' என்று விழுந்தது, நன்றாகச் சுழன்றது. சுட்ட பிறகு முக்கால்வாசி போய் நின்றுவிட்டது.

நியூஜெர்சி தம்பி:
எனக்கும் இதே தொல்லை இருந்தது அண்ணா. நீளத்தைக் குறைத்து புல்லட்டை இன்னும் ஆழமாக இறக்கிப் பாருங்கள், சரியாகிவிடும்.

பழைய பித்தளை:
தம்பி, இந்த இடத்தில் அப்படிச் சொல்லக் கூடாது. 9 மி.மீ. கேஸ், அதாவது வெடிமருந்து நிரப்பும் பித்தளைக் கூடு, சின்னது. புல்லட் கொஞ்சம் ஆழமாக இறங்கினாலே உள்ளே இடம் குறைந்து அழுத்தம் சட்டென்று ஏறும். நீளத்தை மாற்றினால், கையேட்டைப் பார்த்து, மருந்தைத் தொடக்க அளவுக்கு இறக்கி, முதலிலிருந்து ஏறி வர வேண்டும். அதோடு, சுத்தமான பேரலில் தோட்டா நன்றாகச் சுழல்கிறதே, அப்படியானால் நீளத்தில் கோளாறு இல்லை.

ஹூஸ்டன்வாசி, சேம்பரின் முன்முனையில் ஒரு சின்னப் படி இருக்கும். கேஸின் வாய் போய் நிற்பது அங்கேதான். டார்ச் அடித்துப் பாருங்கள், அந்தப் படியில் ஈயம் வளையமாகப் படிந்திருக்கும் என்று நினைக்கிறேன். கேஸ் வாயைப் போதிய அளவு விரிக்காமல் புல்லட்டை இறக்கினால், வாயின் விளிம்பு புல்லட்டைச் சீவிவிடும். அந்தச் சீவல் ஒவ்வொரு சூட்டிலும் படியில் சேர்ந்துகொண்டே போகும். தோட்டாவை உள்ளே மாட்டித் தட்டினால் புல்லட் கழன்று வரும் சுத்தியலில் ஒரு தோட்டாவைப் பிரித்து, புல்லட்டின் பூச்சைப் பாருங்கள்.

ஹூஸ்டன்வாசி:
அண்ணா, அப்படியே இருந்தது! பல் குத்தும் மூங்கில் குச்சியால் நெம்பினேன், வெட்டிய நகத்துண்டு மாதிரி வெள்ளிக் கீற்று ஒன்று வந்தது. பிரித்த புல்லட்டில் பூச்சைச் சுற்றி ஒரு கோடு, அதற்குக் கீழே ஈயம் பளபளக்கிறது.

பழைய பித்தளை:
சரி, காரணம் கிடைத்துவிட்டது. புல்லட்டைக் கையால் வைத்தால் நிமிர்ந்து நிற்கும் அளவுக்கு வாயை விரியுங்கள். கிரிம்ப் டை (கேஸ் வாயை இறுக்கும் அச்சு) அந்த விரிவை நிமிர்த்தினால் போதும், நெரிக்க வேண்டாம். வாயில் காலிப்பர் வைத்தால் 0.380 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. ரொம்ப இறுக்கினாலும் பூச்சு வெட்டுப்படும், பேரலில் ஈயம் ஏறும். மறுபடி ஒன்றைப் பிரித்து, கோடு இல்லை என்று தெரிந்த பிறகே மொத்தமாக நிரப்புங்கள்.

ஏறியிருக்கும் ஈயத்துக்கு, பழைய பிரஷில் பாத்திரம் தேய்க்கும் செம்பு நாரைச் சுற்றி, சேம்பர் பக்கமிருந்து தள்ளுங்கள். காந்தம் ஒட்டினால் அது செம்பு முலாம் பூசிய இரும்பு, பேரலைக் கீறிவிடும். வினிகரையும் பெராக்சைடையும் கலந்து ஊற்றச் சொல்வார்கள், தயவுசெய்து வேண்டாம். ஈயம் அதில் கரைந்து விஷமாகிவிடும்.

சேம்பருக்கு எண்ணெய் வேண்டாம், உலர்ந்த துணியால் துடைத்து விடுங்கள். ஈரத்தில் கரி ஒட்டும். ஸ்லைடு ஓடும் தடங்களில் ஓரிரு துளி, பேரல் மேல்பக்கம் ஒரு துளி போதும். சுட்ட கேஸை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கிக்கு அடியிலும் கரி சேரும், குச்சியால் எடுங்கள்.

ஹூஸ்டன்வாசி:
கிரிம்பைத் தளர்த்தி, வாயை விரித்து, நேற்று 220 சுட்டேன். ஒருமுறைகூட நிற்கவில்லை. வீட்டுக்கு வந்து டார்ச் அடித்துப் பார்த்தேன், படி சுத்தமாக இருக்கிறது. சமையலறை மேசையில்தான் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். வீட்டில் சின்னப் பெண் இருக்கிறாள், அது பரவாயில்லையா?

பழைய பித்தளை:
மேசையில் ஈயத்தூள் படியும், குழந்தைக்கு ஆகாது. இன்றைக்கே கராஜுக்கு மாற்றிவிடுங்கள். மேசையை ஈரத் துணியால் துடைத்து, துணியைத் தூக்கிப் போடுங்கள். கையைக் குளிர்ந்த தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, சட்டையை மாற்றிய பிறகு குழந்தையைத் தூக்குங்கள்.