அசிட்ரோம் சாப்பிடுபவருக்கு முழங்கால் வலி: எந்த மாத்திரை கொடுக்கலாம்?

வைகைக்கரை:
வணக்கம். அம்மாவுக்கு 61 வயது. இதயத்தின் மிட்ரல் வால்வை மாற்றி உலோக வால்வு வைத்திருக்கிறார்கள். ரத்தம் உறையாமலிருக்க தினமும் அசிட்ரோம் 2 மி.கி., கடைசி ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் பரிசோதனை அளவு) 2.9. முழங்கால் வலியில் மாடிப்படி ஏற முடியவில்லை. மெடிக்கலில் ஜீரோடால்-பி கொடுத்திருக்கிறார்கள். அம்மாவுக்கு இன்னும் கொடுக்கவில்லை. பக்கத்து வீட்டில் காம்பிஃப்ளாம் போதும் என்கிறார்கள். அன்றைக்கு மட்டும் அசிட்ரோமை நிறுத்திவிட்டு வலி மாத்திரை கொடுக்கலாமா? தைலம் தேய்க்கலாமா?

மருந்தாளுநர்_திருச்சி:
அசிட்ரோமை ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள். உலோக வால்வில், அதுவும் மிட்ரல் இடத்தில், ரத்தம் உறைந்தால் வால்வு திறந்து மூட முடியாமல் சிக்கிக்கொள்ளும். உறைகட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம்.

கையில் இருக்கும் ஜீரோடால்-பி வேண்டாம். அதில் அசிக்ளோஃபெனாக் 100 மி.கி., பாராசிட்டமால் 325 மி.கி. இருக்கிறது. காம்பிஃப்ளாமில் ஐபுப்ரோஃபென் 400, பாராசிட்டமால் 325. அசிக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகை மருந்துகள் இரண்டு பக்கமும் கெடுக்கும்: ரத்தத் தட்டணுக்கள் ஒட்டுவதைக் குறைக்கும், இரைப்பையின் பாதுகாப்புப் படலத்தையும் மெலிய வைக்கும். புண் வந்து கசிய ஆரம்பித்தால், அசிட்ரோம் இருப்பதால் கசிவு சீக்கிரம் நிற்காது. வோவெரான், மெஃப்டால், நைஸ், டிஸ்பிரின் எல்லாம் இதே கணக்குதான். கூடவே கேஸ் மாத்திரை போட்டால் போதும் என்பார்கள். பான்டோப்ரசோல் இரைப்பையைக் காக்கும். குடலில் கசிவதைத் தடுக்காது.

கொடுக்கக்கூடியது தனி பாராசிட்டமால். 500 மி.கி. ஒன்று, குறைந்தது 6 மணி நேர இடைவெளியில், நாளுக்கு 4 வரை. டோலோ 650 என்றால் 3-க்கு மேல் வேண்டாம். எடை 50 கிலோவுக்குக் கீழே இருந்தாலோ கல்லீரல் கோளாறு இருந்தாலோ இதையும் குறைக்க வேண்டும். மருத்துவரிடம் அளவு கேளுங்கள். சளி மாத்திரையிலும் பாராசிட்டமால் இருக்கும், அதையும் கணக்கில் சேருங்கள்.

வெட்டிக் கொடுக்கும் துண்டு அட்டையில் மருந்தின் பெயரே இருக்காது. முழு அட்டையாகக் கேட்டு, பின்பக்கச் சிறிய எழுத்தைப் படியுங்கள். பெயரின் வாலில் பி, எஸ்பி, எம்ஆர் என்று இருந்தால் கூட்டு மருந்து என்று சந்தேகப்படுங்கள்.

ஐஎன்ஆர்_லேப்:
மேலே சொன்னது சரி. ஆனால் பாராசிட்டமாலை நிறையப் பேர் முழுக்கப் பாதுகாப்பானது என்று நினைத்துவிடுகிறார்கள். ஒன்றிரண்டு மாத்திரையில் பெரிதாக எதுவும் ஆகாது. நாளுக்கு 2 கிராம் வீதம் சில நாட்கள் தொடர்ந்தால் ஐஎன்ஆர் ஏறும். அது உடலில் சிதைந்து வரும் பொருள், ரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே சுழற்சியில் குறுக்கிடுகிறது. அசிட்ரோம் வேலை செய்வதும் அதே இடத்தில்தான்.

மிட்ரல் உலோக வால்வுக்கு வழக்கமான இலக்கு 2.5 முதல் 3.5. அம்மா இப்போது நடுவில் இருக்கிறார். மாத்திரை மூன்று நாளைத் தாண்டினால் 4 அல்லது 5-ஆம் நாளில் ஐஎன்ஆர் பாருங்கள், ஒரு வாரம் கழித்து மறுபடி. பல நாள் போட்டுவிட்டு நிறுத்தினாலும் பார்க்க வேண்டும், ஏறியது இறங்கிவிடும். வலி தினசரி என்றால், ஒரே அளவாகக் கொடுத்து அதற்கேற்ப மருத்துவர் அசிட்ரோமைத் திருத்துவதே நல்லது. ஒருநாள் நான்கு, மறுநாள் ஒன்றுமில்லை என்று போனால் அளவு நிலைக்கவே நிலைக்காது.

வலிக்கு அல்ட்ராசெட் மாத்திரை எழுதிக் கொடுத்தால் அதில் டிரமடால் 37.5 மி.கி., பாராசிட்டமால் 325 இருப்பது தெரிந்திருக்கட்டும். டிரமடாலும் ஐஎன்ஆரை ஏற்றலாம். தலைசுற்றல் வேறு வரும். இந்த நிலையில் கீழே விழுந்து தலையில் அடிபடுவது ஆபத்து.

முடநீக்கியல்_கோவை:
தைலத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. கோடாலித் தைலத்திலும் பல வலி கிரீம்களிலும் மெத்தில் சாலிசிலேட் இருக்கிறது. அது ஆஸ்பிரினுக்கு உறவு, தோல் வழியே ரத்தத்தில் கலக்கும். அதிகமாகத் தேய்த்தவர்களுக்கு ஐஎன்ஆர் ஏறியது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. தேய்த்த இடத்தில் சூடான ஒத்தடமும் கொடுத்தால் இன்னும் வேகமாக இறங்கும். தனி டைக்ளோஃபெனாக் ஜெல் வேறு விஷயம். மாத்திரையோடு ஒப்பிட்டால் ரத்தத்துக்குப் போவது சுமார் 6 சதவீதம்தான். மருத்துவரிடம் சொல்லிவிட்டு, முழங்காலில் மட்டும், சில நாட்கள் தடவலாம்.

கிளினிக்கில் "ஒரு ஊசி போட்டா சரியாயிடும்" என்றால் மறுத்துவிடுங்கள். இடுப்புத் தசையில் போடும் ஊசியால் உள்ளே ரத்தம் கட்டி, பெரிய வீக்கமாகும். மருந்தும் பெரும்பாலும் அதே டைக்ளோஃபெனாக்.

நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி 5 விநாடி நிறுத்தி இறக்கச் சொல்லுங்கள். ஒரு காலுக்கு 10 முறை, நாளுக்கு இரு வேளை. தொடைத் தசை வலுத்தால் மூட்டின் மேல் விழும் சுமை குறையும்.

சிவகங்கை_கண்ணன்:
இடையில் ஒரு கேள்வி. அப்பா அபிக்சாபன் சாப்பிடுகிறார், அதுவும் ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரைதான். அவருக்கும் இதேதானா?

மருந்தாளுநர்_திருச்சி:
ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வேண்டாம் என்பது அவருக்கும் பொருந்தும். ஐஎன்ஆர் பார்க்கத் தேவையில்லை, அந்தப் பரிசோதனை அபிக்சாபனின் அளவைக் காட்டாது. சிறுநீரகத்தைப் பார்க்க வேண்டும்: வலி மாத்திரை சிறுநீரகத்தைத் தளர்த்தினால் அபிக்சாபன் உடலில் தேங்கும். இதே வேலை செய்யும் இன்னொரு மருந்தான டாபிகாட்ரான் ஏறக்குறைய 80 சதவீதம் சிறுநீரகம் வழியே போவதால் அதில் இன்னும் கவனம். இதயத்துக்காக ஆஸ்பிரின் 75 எழுதியிருந்தால் அதை வலி மாத்திரையோடு சேர்த்து எண்ணி நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இருவருக்குமே: தார் போல ஒட்டும் கருப்பு மலம், காபித்தூள் நிற வாந்தி, சிறுநீரில் சிவப்பு, விழுந்தபின் தலைவலி. இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள், மாத்திரை அட்டைகளையும் எடுத்துக்கொண்டு. இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கருக்கும். ஆனால் அது தார் போல ஒட்டாது, அந்தக் கடும் நாற்றமும் இருக்காது.