இரண்டாவது நியூட்ரல் பட்டை

கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையின் 8 எம்.வி.ஏ., 33/11 கே.வி. டிரான்ஸ்பார்மருக்கு நியூட்ரல் கிரவுண்டிங் ரெசிஸ்டர் (எர்த்துக்குப் பாயும் ஃபால்ட் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் மின்தடை) இணைத்தபோது நேர்ந்ததை நம் குழுவில் பதிகிறேன். அதுவரை அதன் நியூட்ரல், அதாவது மூன்று ஃபேஸ் சுருள்களும் சேரும் முனை, நேரடியாக எர்த் செய்யப்பட்டிருந்தது. 11 கே.வி. மோட்டார் ஒன்றில் எர்த் ஃபால்ட் (ஃபேஸ் எர்த்தைத் தொடும் பழுது) ஏற்பட்டு, சுருளோடு ஸ்டேட்டர் கோரின் தகடுகளும் உருகிப்போன பிறகே நிர்வாகம் இந்தச் செலவுக்கு இசைந்தது. சுருளை மீண்டும் கட்டிவிடலாம். உருகிய கோரை என்ன செய்வது?

கணக்கு எளியது. 11 கே.வி.யை 1.732ஆல் வகுத்தால் ஒரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 6350 வோல்ட். ஃபால்ட் மின்னோட்டத்தை 400 ஆம்பியரில் நிறுத்த 15.9 ஓம் வேண்டும். ரெசிஸ்டர் இல்லாவிட்டால் அங்கே ஏறத்தாழ 5000 ஆம்பியர் பாயும்.

ரெசிஸ்டர் பெட்டியை அதன் இடத்தில் வைத்து, நியூட்ரலை எர்த்தோடு இணைத்த பழைய செப்புப் பட்டையைக் கழற்றி, புதிய கேபிளை இணைத்து முடித்த மாலையில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே மெகர் (காப்பின் மின்தடையை அளக்கும் கருவி) வைத்தார்கள். பூஜ்ஜியம் காட்டியது. "நடுவில் ரெசிஸ்டர் இருக்கிறது, பூஜ்ஜியம்தான் வரும் சார்" என்றார் மேற்பார்வையாளர். வாளையாற்றுக்காரர், அனுபவசாலி, அவர் சொன்னதிலும் பிழையில்லை. மெகாஓமில் அளக்கும் கருவிக்கு 16 ஓமும் நேர்த்தொடர்பும் ஒன்றுதான். எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. மல்டிமீட்டரை வாங்கி அளந்தேன்: 16 ஓம் காட்ட வேண்டிய இடத்தில் ஒரு ஓம்கூட இல்லை. ரெசிஸ்டரைத் தனியே பிரித்து அளந்தால் அது சரியாகவே இருந்தது.

இருட்டுவதற்குள் காரணம் கிடைத்தது. நியூட்ரலுக்குத் தனித்தனி மின்முனைகளோடு குறைந்தது இரண்டு எர்த் இணைப்புகள் வேண்டும் என்பது 1956 ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளிலேயே இருந்தது. பழைய ஆட்கள் அதை ஒழுங்காகவே செய்திருந்தார்கள். நாங்கள் கழற்றியது ஒரு பட்டையை மட்டும். மற்றது ரேடியேட்டருக்குப் பின்னால் இறங்கி, டாங்கின் நிறத்திலேயே பெயின்ட் பூசப்பட்டு, ஜல்லிக்குள் மறைந்திருந்தது. அப்படியே மின்சாரம் கொடுத்திருந்தால் ரெசிஸ்டர் வெறும் அலங்காரப் பெட்டியாக நின்றிருக்கும், நியூட்ரல் சி.டி.யும் (மின்னோட்டத்தை உணரும் கரண்ட் டிரான்ஸ்பார்மர்) ரெசிஸ்டரின் வழியிலேயே இருந்ததால், 5000 ஆம்பியர் பாய்ந்தாலும் ஃபால்ட்டைக் கண்டு மின்சாரத்தைத் துண்டிக்கச் செய்யும் அதன் ரிலேவுக்கு ஏறக்குறைய ஒன்றும் தெரிந்திருக்காது. மறுநாள் இரண்டு பட்டைகளையும் ரெசிஸ்டரின் எர்த் முனைக்கு மாற்றினோம். பிறகு நியூட்ரல் கேபிளைக் கழற்றிவிட்டு மெகர் வைத்தபோது ஆயிரம் மெகாஓமுக்கு மேல் காட்டியது, எர்த்துக்கு வேறு வழி ஏதும் இல்லை என்று பொருள்.

தடாவிலிருந்து ஓர் உறுப்பினர்:
ஐயா, எங்கள் இடத்தில் இப்படி ஒரு 400 ஆம்பியர் ரெசிஸ்டர் வைத்தபோது இணைப்பில் குறையில்லை, ரிலேயில்தான் குறை. ஒரு ஃபீடரின் எர்த் ஃபால்ட் ரிலே, நேரடி எர்த் இருந்த காலத்தின்படி 600 ஆம்பியருக்கு வைக்கப்பட்டிருந்தது. இனி 400க்கு மேல் பாயவே வழியில்லாதபோது அது எப்படி இயங்கும்? ரெசிஸ்டரோ 10 நொடி மட்டுமே தாங்கக்கூடியது. மின்சாரம் கொடுப்பதற்கு முந்தைய நாள் செட்டிங் தாளைப் புரட்டிய ஒரு பயிற்சிப் பொறியாளர்தான் அதைக் கண்டுபிடித்தார். கூடவே 9 கே.வி. லைட்னிங் அரெஸ்டர்களையும் (மின்னல் தடுப்பான்கள்) 12 கே.வி.க்கு மாற்றினோம், ஒரு ஃபேஸ் எர்த் ஆனால் மற்ற இரண்டும் எர்த்தை நோக்கி 11 கே.வி. வரை ஏறிவிடும் அல்லவா?

ஆரியங்காவிலிருந்து மற்றோர் உறுப்பினர்:
உங்கள் இரண்டாவது பட்டை எங்களுக்கு வேறு வேடத்தில் வந்தது. "நியூட்ரல்தானே, வோல்டேஜ் ஏது?" என்று டிரான்ஸ்பார்மரிலிருந்து ரெசிஸ்டர் வரை 1.1 கே.வி. கேபிளைப் போட்டிருந்தார்கள். இடவப்பாதி மழையில் ஓர் இரவு வெளியே மரக்கிளை லைனில் விழுந்து எர்த் ஆனது. நியூட்ரல் 6350 வோல்டுக்கு ஏறியதும் கேபிளின் காப்பு டிரேயோடு துளைத்துக்கொண்டது, மின்னோட்டம் ரெசிஸ்டரைத் தொடாமலே டிரே வழியாக எர்த்துக்குப் போனது. காலையில் பார்த்தால் ரெசிஸ்டர் பெட்டி புதிது போலவே இருந்தது. டிரேயில் மட்டும் விரல் நுழையும் ஓட்டை.