மான்குட்டிக்குப் பாதிப் பால், பாதித் தண்ணீராம்! யார் கிளப்பிவிட்டது இதை?

மேய்ச்சல்காரன்:
நேற்றிலிருந்து எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ சுற்றுகிறது. நாய் துரத்தியதில் தாயைப் பிரிந்த புள்ளிமான் குட்டி. தொப்புள்கொடி இன்னும் காயவில்லை. ஒருவர் அதை மடியில் மல்லாத்திப் போட்டுக்கொண்டு பாட்டிலைத் திணிக்கிறார். அது வாயை இறுக்கி மூடிக்கொண்டு தலையைத் திருப்புகிறது. கீழே அறிவுரை வேறு: "குட்டி குடிக்கவில்லை என்றால் பயப்படாதீர்கள். பசும்பால் மானுக்குக் கனம். பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்தால் குடித்துவிடும்."

எந்தப் புண்ணியவான் சொன்னதுங்க இது? மான் பாலில் கொழுப்பும் புரதமும் பசும்பாலில் இருப்பதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. பசும்பாலே அதற்கு நீர்த்த பால்தான். அதிலும் பாதி தண்ணீர் ஊற்றினால் வயிறு உப்பும், உடம்பில் ஒன்றும் ஒட்டாது. ஆட்டுப்பால் கொடுங்கள். தண்ணீர் கலக்காமல் கொடுங்கள். பிறந்ததிலிருந்து ஆட்டோடு கிடக்கிறவன் சொல்கிறேன்.

கங்கைகொண்டான்:
வந்துட்டார் அண்ணாச்சி. ஆடு மேய்ப்பவருக்கு மானைப் பற்றி என்ன தெரியும்? எங்கள் ஊரில் புள்ளிமானுக்கென்றே சரணாலயம் இருக்கிறது, 2013-இல் அறிவித்தார்கள். மானைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். எங்கள் ஆச்சி மான்குட்டிக்குப் பசும்பாலில் தண்ணீர் கலந்துதான் கொடுத்தாள். பச்சைப் பிள்ளைக்கே அப்படித்தானே கொடுத்தார்கள்? கனமான பால் கழிச்சலில் கொண்டுபோய் விடும்.

மேய்ச்சல்காரன்:
சரணாலயத்துக்குப் பக்கத்தில் வீடு இருந்தால் மான் வைத்தியம் வந்துவிடுமா? கழிச்சல் வருவது பாலின் கனத்தால் இல்லைங்க, ஒரே தடவையில் வயிறு முட்டக் கொடுப்பதால். ஒரு நாளைக்கு மொத்தமாகவே உடம்பு எடையில் பத்தில் ஒரு பங்கு போதும். மூன்று கிலோ குட்டிக்கு முந்நூறு மில்லி. அதையும் நான்கைந்து வேளையாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். பாவம் குட்டி என்று பாட்டிலைக் காலி செய்ய வைத்துவிட்டு, கழிந்ததும் பால் கனம் என்று பழியைப் பால் மேல் போடுவது. தண்ணீர் கலக்காதீர்கள்.

கிண்டிவாசி:
ஒரு நிமிடம். கங்கைகொண்டான் சார், உங்கள் ஆச்சி மான் வளர்த்தது எந்த வருடம்? வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-இல் வந்துவிட்டது. கையில் வந்து சேர்ந்தால்கூட 48 மணி நேரத்துக்குள் வனத்துறையிலோ காவல் நிலையத்திலோ சொல்லியாக வேண்டும். பால், பாட்டில் எல்லாம் அவர்கள் வந்து எடுத்துப் போகும்வரைதான்.

கங்கைகொண்டான்:
சட்டம் வருவதற்கு முன்னால்.

கிண்டிவாசி:
"நானே பாட்டில் பிடித்திருக்கிறேன்" என்று போன மாதம் வேறொரு இழையில் எழுதியிருந்தீர்கள். உங்கள் பக்கத்தில் பிறந்த வருடம் 1984 என்று போட்டிருக்கிறது. கணக்கு எங்கேயோ உதைக்கிறதே?

கங்கைகொண்டான்:
உங்களுக்கு வேறு வேலை இல்லையா சார்? பேச்சு பாலைப் பற்றி. என் ஜாதகத்தை ஏன் நோண்டுகிறீர்கள்?

மருந்துப்பெட்டி:
கால்நடை மருத்துவர் என்ற முறையில் சொல்கிறேன். வீடியோவில் இருக்கும் குட்டிக்கு முதல் பிரச்சினை தண்ணீரும் இல்லை, கனமும் இல்லை. அதற்குக் குளிர் ஏறியிருக்கிறது, பயத்தில் உறைந்திருக்கிறது. குட்டியின் வாய்க்குள் விரலை விட்டுப் பாருங்கள். உள்ளே சில்லென்று இருந்தால் எந்தப் பாலும் கொடுக்கக் கூடாது. துணியில் சுற்றி, வெந்நீர் பாட்டிலைப் பக்கத்தில் வைத்து முதலில் உடம்பைச் சூடாக்குங்கள். வாய் வெதுவெதுப்பான பிறகுதான் பாட்டில்.

அப்புறம், மல்லாத்திப் பிடிக்கவே கூடாது. நிற்க வையுங்கள், இல்லையென்றால் நெஞ்சு தரையில் படும்படி உட்கார வையுங்கள். கழுத்து நீண்டு, மூக்கு சற்று மேல்நோக்கி இருக்கட்டும். அப்படிச் சப்பும்போது உணவுக்குழாய்க்குக் கீழே ஒரு மடிப்பு மூடிக்கொள்ளும். பால் முதல் வயிற்றில் விழாமல் நேராக நான்காவது வயிற்றுக்குப் போகும். முதல் வயிற்றில் விழுந்த பால் அங்கேயே புளித்துக் கெட்டுவிடும்.

ஒரு கையால் கண்ணை மூடுங்கள், தாயின் வயிற்றுக்கு அடியில் இருப்பது போல இருட்டாக இருக்கும். சுற்றி நின்று யாரும் பேச வேண்டாம். ரப்பரை நாக்கின் மேல் வைத்து ஒரு சொட்டு விட்டுவிட்டுக் காத்திருங்கள். வாலடியை ஈரத் துணியால் தடவினால், தாய் நக்குகிறாள் என்று நினைத்துச் சப்பத் தொடங்கும், சிறுநீரும் போகும். சிரிஞ்சால் பீச்சாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும். நீர் வற்றிப் போயிருந்தால் முதல் வேளை பாலே வேண்டாம், வெதுவெதுப்பான ஓ.ஆர்.எஸ். கரைசல் கொடுங்கள். அடுத்த வேளையிலிருந்து பால்.

கங்கைகொண்டான்:
பார்த்தீர்களா? டாக்டரம்மாவே தண்ணீர் என்கிறார்!

மருந்துப்பெட்டி:
நான் அப்படிச் சொல்லவில்லை. முதல் வேளை தனியாக ஓ.ஆர்.எஸ். என்றேன். பாலில் கலக்கச் சொல்லவில்லை.

கங்கைகொண்டான்:
ஓ.ஆர்.எஸ்ஸில் இருப்பது தண்ணீர்தானே டாக்டரம்மா? வயிற்றுக்குள் போனால் இரண்டும் ஒன்றுதானே கலக்கப் போகிறது?

மேய்ச்சல்காரன்:
அடேங்கப்பா. அப்படியென்றால் காலையில் காபி, மதியம் ரசம் என்று தனித்தனியாக ஏன் சாப்பிடுகிறீர்கள்? ஒன்றாக ஊற்றிக் குடித்துவிட்டுப் போங்களேன். ஓ.ஆர்.எஸ். வேறு, தண்ணீர்ப்பால் வேறு. நான்காவது வயிற்றில் பால் தயிர்க்கட்டி போல உறைய வேண்டும், உறைந்தால்தான் மெதுவாகச் செரிக்கும். பாதி தண்ணீரை ஊற்றினால் எப்படி உறையும்? திரும்பவும் சொல்கிறேன், தண்ணீர் கலக்காதீர்கள்.

வேடிக்கைமன்னன்:
பாட்டிலையே வாயில் வாங்காத குட்டிக்குத் தண்ணீர் கலந்தால் என்ன, தேன் கலந்தால் என்ன? டாக்டரம்மா இவ்வளவு எழுதியிருக்கிறார், அதில் ஒரு வரியையாவது யாராவது படித்தீர்களா?

மேய்ச்சல்காரன்:
படித்தோம். தண்ணீர் கலக்கக் கூடாது என்கிறார்.

கங்கைகொண்டான்:
படித்தோம். முதலில் தண்ணீர் கொடு என்கிறார்.

கங்கைகொண்டான்:
எனக்கு ஒன்று தெரிந்தாக வேண்டும். மான் பாலில் கொழுப்பு இரண்டு மடங்கு, இரண்டு மடங்கு என்று அண்ணாச்சி முழங்குகிறாரே, எந்த மான்? புள்ளிமான் பாலை யார் கறந்து பார்த்தது?

மேய்ச்சல்காரன்:
அமெரிக்காவின் வெள்ளைவால் மானையும் ஐரோப்பாவின் சிவப்பு மானையும் கறந்து அளந்தே பார்த்திருக்கிறார்கள். நூறு கிராம் பாலில் நீர் போக இருபது கிராமுக்கு மேல் சத்து. பசும்பாலில் பன்னிரண்டு பதின்மூன்றுதான். ஆவின் ஆரஞ்சு பாக்கெட்டிலேயே கொழுப்பு 6 சதவீதம், மான் பால் அதையும் தாண்டும். நீங்கள் நீலப் பாக்கெட்டை வாங்கி, அதற்கு மேல் தண்ணீரும் ஊற்றச் சொல்கிறீர்கள். நீலத்தில் இருப்பதே 3 சதவீதம்.

கங்கைகொண்டான்:
நான் கேட்டது புள்ளிமான். வெள்ளைவாலுமில்லை, சிவப்புமில்லை. புள்ளிமான் பாலை யார் கறந்தது?

டெக்சாஸ்_முருகன்:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் டெக்சாஸில் புள்ளிமான் நிறைய. 1930-களில் இந்தியாவிலிருந்து கொண்டுவந்து விட்டது, இப்போது காடெல்லாம் பரவிவிட்டது. பண்ணைகளில் அநாதைக் குட்டிக்குப் பாட்டிலில் ஆட்டுப்பால் கொடுப்பார்கள், இல்லையென்றால் மான்குட்டிக்கென்றே விற்கும் பால்பவுடரைக் கரைத்துக் கொடுப்பார்கள். நான் பார்த்தவரை பாலில் தண்ணீர் ஊற்றுவதில்லை.

கங்கைகொண்டான்:
பவுடரை எதில் கரைப்பார்கள் தம்பி? பெட்ரோலிலா?

மேய்ச்சல்காரன்:
ஐயா சாமி! பவுடரைக் கரைப்பது ஏற்கனவே எடுத்துவிட்ட தண்ணீரைத் திரும்பச் சேர்ப்பதுங்க. கறந்த பாலில் ஊற்றுவது ஏமாற்று வேலை. எங்கள் ஊர்ப் பால்காரர் செய்வது இரண்டாவது. அதை வைத்தியம் என்று யாரும் சொல்வதில்லை.

கங்கைகொண்டான்:
ஆக, டெக்சாஸிலும் தண்ணீர் சேர்க்கிறார்கள். நன்றி, வணக்கம். அதுசரி, அங்கே மானைச் சுட்டுத் தின்பவர்களிடம் போய் நாம் பாடம் படிக்க வேண்டுமா?

டெக்சாஸ்_முருகன்:
அண்ணே, நான் சுத்த சைவம். பார்த்ததைச் சொன்னேன், என்னை ஏன் வம்புக்கு இழுக்கிறீர்கள்?

கங்கைகொண்டான்:
வெளிநாடு போனவுடன் எல்லோருக்கும் ஊர்க்காரன் முட்டாளாகத் தெரிவான். பழகிப்போன விஷயம். ராஜஸ்தானில் பிஷ்னோய் பெண்கள் மான்குட்டிக்குத் தாய்ப்பாலே கொடுக்கிறார்கள். படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. தாய்ப்பாலில் புரதம் பசும்பாலை விடக் குறைவு. நீர்த்த பால். அந்தக் குட்டிகள் பிழைக்கவில்லையா? இதற்கு என்ன பதில் அண்ணாச்சி?

மேய்ச்சல்காரன்:
இதுதான் பதில். அந்தப் பெண்கள் தாய்ப்பாலில் தண்ணீர் கலந்தார்களா? இல்லையே! அப்புறம் என்ன?

மருந்துப்பெட்டி:
இருவரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். அங்கே குட்டி உடம்புச் சூட்டோடு ஒட்டிக் கிடக்கிறது, நேராகச் சப்புகிறது. பால் எந்தப் பால் என்பதைவிட, சப்புகிறதா என்பதே முதல் நாள் கேள்வி. இன்னொன்று சீம்பால். தாய் வயிற்றில் இருக்கும்போது இந்தக் குட்டிகளுக்கு நோய் எதிர்ப்புச் சத்து இறங்குவதில்லை. சீம்பாலில்தான் வருகிறது, அதையும் முதல் 24 மணி நேரத்துக்குள் குடித்தால்தான் குடல் ஏற்கும். தாயிடம் ஒருமுறையாவது குடித்ததா என்று தெரியாத குட்டிக்கு, அன்றைக்கு ஈன்ற ஆட்டின் சீம்பால் கிடைத்தால் அதைக் கொடுங்கள். இதைப் பற்றி இந்த இழையில் யாருமே பேசவில்லை.

கங்கைகொண்டான்:
சீம்பால் எவ்வளவு கனம் தெரியுமா? அதில் தண்ணீர் கலக்காமல் எப்படிக் கொடுப்பது?

வேடிக்கைமன்னன்:
டாக்டரம்மா, தயவுசெய்து நீங்கள் போய்த் தூங்குங்கள்.

மேய்ச்சல்காரன்:
சீம்பாலிலுமா? உங்கள் வீட்டில் சீம்பால் காய்ச்சினால் அதையும் ரசமாக்கிவிட்டுத்தான் குடிப்பீர்கள் போல. சரி, எல்லாவற்றையும் விடுங்கள். உங்கள் ஆச்சி தண்ணீர் கலந்து கொடுத்தாரே, அந்தக் குட்டி என்ன ஆச்சு? பிழைத்ததா?

கங்கைகொண்டான்:
அது வேற விஷயம்.

மேய்ச்சல்காரன்:
அதுதாங்க விஷயமே. பிழைத்ததா இல்லையா?

கங்கைகொண்டான்:
ஆச்சி பெயரை இழுக்காதீர்கள். அவள் கையால் எத்தனை உயிர் பிழைத்தது என்று ஊரைக் கேட்டால் சொல்லும். உங்களைப் போல இணையத்தில் படித்துவிட்டுப் பேசியவள் இல்லை. நீங்கள்தான் அன்றைக்கு நாட்டுக்கோழி அம்மைக்கு மஞ்சளும் வேப்பிலையும் போதும், தடுப்பூசி வேண்டாம் என்று எழுதினீர்கள். அதை நம்பி எங்கள் பெரியப்பா பண்ணையில் பாதிக் கோழி போச்சு. இப்போது மான் டாக்டராகி வந்து நிற்கிறீர்கள்.

மேய்ச்சல்காரன்:
தடுப்பூசி வேண்டாம் என்று நான் எழுதவே இல்லை. ஊசி போட்ட பிறகும் மஞ்சள் தடவலாம் என்றேன். எழுதியதைப் படிக்கத் தெரியாவிட்டால் நான் என்ன செய்வது? எந்தப் பேச்சு எடுத்தாலும் கோழியைக் கொண்டுவருவது உங்கள் வழக்கமாகிவிட்டது.

கிண்டிவாசி:
கோழி இருக்கட்டும். இங்கே கிண்டிப் பூங்காவை ஒட்டியும் ஐஐடி வளாகத்திலும் மான்கள் சுற்றுகின்றன. புதரில் குட்டி தனியாகப் படுத்திருந்தால், தாய் விட்டுவிட்டுப் போய்விட்டது என்று தூக்கி வந்துவிடுகிறார்கள். அது ஒளித்து வைத்துவிட்டு மேயப் போயிருக்கும், பால் கொடுக்கத் திரும்பி வரும். அடிபடாத குட்டியைத் தொடாமல் விலகி நின்றாலே பாதி பாட்டில் சண்டை தீர்ந்துவிடும். மனிதக் கை பட்டால் பயத்திலேயே மான் செத்துப்போவதும் உண்டு. முதலில் வனத்துறையைக் கூப்பிடுங்கள்.

மேய்ச்சல்காரன்:
கூப்பிடலாங்க சார், யார் வேண்டாம் என்றது? மலைக்கிராமத்துக்கு ஜீப் வந்து சேர்வதற்குள் பொழுது விடிந்துவிடும். அதுவரை குட்டியைக் காப்பாற்ற வேண்டாமா? ஏசி அறையில் உட்கார்ந்து சட்டம் பேசுவது சுலபம். அந்த ராத்திரிக்குக் கையில் இருக்கும் ஆட்டுப்பாலைக் கொடுங்கள். தண்ணீர் கலக்காமல்.

கிண்டிவாசி:
எங்கள் வீட்டில் ஏசி கிடையாது.

கங்கைகொண்டான்:
கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை. புள்ளிமான் பாலை யார் கறந்தது?

மேய்ச்சல்காரன்:
கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை. குட்டி பிழைத்ததா?

டெக்சாஸ்_முருகன்:
வேண்டுமென்றால் இங்கே பண்ணையில் விசாரித்துச் சொல்கிறேன். புள்ளிமான் பாலை யாராவது அளந்து வைத்திருப்பார்கள்.

கங்கைகொண்டான்:
விசாரிக்கும்போது பவுடருக்கு எத்தனை பங்கு தண்ணீர் என்றும் சேர்த்துக் கேளுங்கள் தம்பி. மானே சுடாத சைவரிடம் சொல்வார்களோ என்னவோ.

டெக்சாஸ்_முருகன்:
இதற்குத்தான் நான் இந்தப் பக்கமே வருவதில்லை.

மேய்ச்சல்காரன்:
நீங்கள் போகாதீர்கள் முருகன். போக வேண்டியவர் வேறு ஆள். அப்புறம் கங்கைகொண்டான், உங்கள் பெரியப்பா பண்ணைக்கு ஊசி எந்த மாதம் போட்டார்கள், யார் போட்டார்கள் என்று கொஞ்சம் எழுதுங்கள். கோழிக் கணக்கையும் இங்கேயே பார்த்துவிடுவோம்.

கங்கைகொண்டான்:
தனி இழை போடுங்கள் அண்ணாச்சி, வருகிறேன். பெரியப்பாவையும் கூட்டிக்கொண்டே வருகிறேன்.