பட்டம் ஒருத்தருக்கு, சினிமா பாட்டு இன்னொருத்தருக்கா?

அல்சூர்வாசி கேட்டது:
சூப்பர் சிங்கர் இறுதிச்சுற்று வந்தாலே எங்கள் வீடு இரண்டு கட்சியாகிவிடும். அம்மா நாட்டுப்புறப் பாட்டு பாடுகிறவர் பக்கம், மனைவி கர்னாடக சங்கீதம் கற்றவர் பக்கம், நான் ரிமோட் பக்கம். அது இருக்கட்டும். என் சந்தேகம் வேறு. மூன்றாவது சீசனில் சாய்சரண் ஜெயித்தார், ஆனால் அப்புறம் படங்களில் நான் அதிகம் கேட்டது அதே மேடையில் நின்ற சத்யபிரகாஷ் குரலைத்தான். 2018இல் செந்தில் கணேஷ் பட்டம் வாங்கினார், இரண்டாவதாக வந்த நம்ம மைசூருப் பெண் ரக்ஷிதா சுரேஷ் ரகுமான் இசையில் பாடிக்கொண்டிருக்கிறார். இந்திப் பக்கம் போனால் 2005இல் ஃபேம் குருகுல் நிகழ்ச்சியில் அரிஜித் சிங்குக்குப் பட்டம் கிடைக்கவே இல்லை. அப்படியென்றால் நாம் விழுந்து விழுந்து போடுகிற ஓட்டு எதற்கு?

மர்பி டவுன் கீபோர்டு:
ஓட்டு போடுகிறவர் தேடுவது ஒன்று, இசையமைப்பாளர் தேடுவது இன்னொன்று, அவ்வளவுதான் சார். இறுதிச்சுற்றில் உச்சஸ்தாயியில் ஒரே வரியை நாலு விதமாகச் சங்கதி போட்டு, கடைசியில் ஒரு ஸ்வரத்தை நீளமாகக் கார்வை பிடித்தால் அரங்கமே எழுந்து நிற்கும். ஸ்டூடியோவில் அதையே செய்தால் "கொஞ்சம் அடக்கிப் பாடுங்க" என்பார்கள். அங்கே மைக் வாய்க்குப் பக்கத்தில் இருக்கும், மூச்சு வாங்குவதுகூடக் கேட்கும். அன்றைக்குத்தான் முதல்முறை கேட்கிற மெட்டைச் சட்டென்று பிடிக்க வேண்டும், ஒரே வரியைப் பத்துத் தடவை கேட்டாலும் அதே உணர்ச்சியோடு கொடுக்க வேண்டும். போட்டியில் பாடுவதெல்லாம் ஏற்கெனவே யாரோ பாடி நம் மனதில் நின்ற பாட்டு, புதுப் பாட்டுக்கு உயிர் கொடுக்கத் தெரியுமா என்பது அதில் தெரியவே தெரியாது. டிராக் பாட, அதாவது மாதிரிக்காகத் தற்காலிகமாகப் பாடிவைக்கப் போய், அந்தக் குரலே படத்திலும் நின்றுவிட்டவர்கள் நிறையப் பேர் உண்டு. அதற்கு யாரும் பட்டம் கேட்பதில்லை.

கேஜிஎஃப் அக்கா:
பாட்டுக்கு மட்டும்தான் ஓட்டு விழுகிறது என்று யார் சொன்னது தம்பி? 2007 இந்தியன் ஐடல் ஞாபகம் இருக்கிறதா? டார்ஜிலிங்கைச் சேர்ந்த பிரசாந்த் தமாங், கொல்கத்தா போலீஸில் கான்ஸ்டபிள். எதிரே ஷில்லாங்கின் அமித் பால். மலையூர்களில் பணம் வசூல் செய்து எஸ்எம்எஸ் அனுப்பினார்கள். தங்களைத் தேசமே திரும்பிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை அது, தமாங் ஜெயித்தார். அதில் தப்பு ஒன்றும் இல்லை என்பேன். நம் பக்கத்திலும் 2015 சூப்பர் சிங்கர் ஜூனியர் இறுதிச்சுற்றில் பெங்களூரு ஸ்பூர்த்திக்கு முதலிடம், கனடாவிலிருந்து வந்த ஈழத்துப் பிள்ளை ஜெசிக்காவுக்கு இரண்டாமிடம். அந்தப் பிள்ளை பரிசாகக் கிடைத்த தங்கத்தைத் தானமாகக் கொடுப்பதாக மேடையிலேயே சொன்னாள். கன்னட வீட்டுப் பெண் தமிழில் அப்படிப் பாடியதற்கு எங்கள் தெருவில் கன்னடக்காரர்களும் தமிழர்களும் சேர்ந்தே சந்தோஷப்பட்டார்கள். இந்த ஊரில் அது தினமும் நடக்கிற விஷயமா, சொல்லுங்கள்?

ஸ்ரீராமபுரம் ஆர்கெஸ்ட்ரா:
எல்லோரும் சினிமாவையே அளவுகோலாக வைத்துப் பேசுகிறீர்கள். நான் கச்சேரிக்கு ஆள் பேசுகிறவன், என் பக்கத்தையும் கேளுங்கள். விநாயகர் சதுர்த்திக்கும் அம்மன் திருவிழாவுக்கும் கமிட்டிக்காரர்கள் வந்தால் முதல் கேள்வி "டிவியில வந்தவங்க யாராவது கிடைப்பாங்களா?" பேனரில் "சூப்பர் சிங்கர் புகழ்" என்று போட வேண்டும், அதற்குத்தான் அந்தக் கேள்வி. பட்டம் வாங்கினவருக்கு ஒரு ரேட், இறுதிச்சுற்று வரை வந்தவருக்கு ஒரு ரேட், நடுவில் வெளியேறினவருக்கு அதிலும் குறைவு. அவர்கள் மூன்று நான்கு பாட்டு பாடிவிட்டு செல்ஃபி எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், மிச்ச ராத்திரி முழுக்க தமிழும் கன்னடமும் மாற்றி மாற்றிப் பாடுவது எங்கள் குழுவில் உள்ள ஆள், அவருக்குக் கிடைப்பது அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. ஆக ஓட்டு வீண் இல்லை சார், அது ஒரு குடும்பத்தின் வருமானம். செந்தில் கணேஷும் அவர் மனைவி ராஜலட்சுமியும் போட்டிக்கு வருவதற்கு முன்பே நாட்டுப்புறக் கச்சேரி செய்துகொண்டிருந்தவர்கள், அவர்களுக்கு இந்த மேடை எவ்வளவு பெரியது என்று எங்களைப் போன்றவர்களுக்குத்தான் தெரியும்.

அல்சூர்வாசி:
ரேட் விஷயம் எனக்குப் புதுசு. ஆனாலும் இரண்டாவது வருகிறவர்தான் மேலே போகிறார் என்பது எனக்கு இன்னமும் ஒரு விதி மாதிரியே தெரிகிறது.

மர்பி டவுன் கீபோர்டு:
விதி எல்லாம் கிடையாது. சத்யபிரகாஷ், அரிஜித் என்று மேலே போனவர்களை மட்டும் எடுத்து எண்ணுகிறீர்கள். ஒவ்வொரு சீசனிலும் ஜெயிப்பவர் ஒருவர், ஜெயிக்காமல் போகிறவர் பல பேர். அந்தப் பல பேரில் ஒன்றிரண்டு பேராவது சினிமாவில் நிற்பது கணக்குப்படியே நடக்கும். மீதிப் பேரில் ஐந்து பெயரை யோசிக்காமல் சொல்லுங்கள், பார்ப்போம். ஒன்பதாவது சீசனில் ஜெயித்தவர் அருணா என்பது உங்கள் அம்மாவுக்கு ஞாபகம் இருக்கும், அவரோடு இறுதிச்சுற்றில் பாடினவர்கள் பெயரைக் கேட்டுப் பாருங்கள்.