அம்பாப் பாட்டுக் கட்டுரை: எங்கே, எந்த உரிமத்தில் வெளியிடலாம்?

வணக்கம். பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டுகளைப் பற்றி ஒரு கட்டுரையும், ஒலிப்பதிவுகளும் வைத்திருக்கிறேன். யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கும்படி வெளியிட ஆசை. ஓர் ஆய்விதழ் திறந்த அணுக்கம் (யாரும் இலவசமாகப் படிக்கலாம்) என்றது. அப்புறம் வெளியீட்டுக் கட்டணம் கேட்டது. படிப்பவருக்கு இலவசம், செலவு எழுதுபவர் தலையில்!

திறந்த அணுக்க இதழ்களைத் தொகுத்துத் தரும் டிஓஏஜே (DOAJ) இணையப் பட்டியலில் கட்டணம் வாங்காத இதழ்களைத் தனியே பிரித்துத் தேடலாம். அவற்றில் தமிழ்க் கட்டுரை ஏற்பவை எவை?

ஒலிப்பதிவுகளை ஸெனோடோ (Zenodo) என்ற இணைய ஆய்வுக் களஞ்சியத்தில் ஏற்றினால் டிஓஐ (DOI) என்ற நிலையான அடையாள எண் இலவசமாகவே கிடைக்கும், அது சரி. உரிமம்தான் இடிக்கிறது. பாடிய பெரியவர்கள், "யாரும் கேட்கட்டும், வித்துக் காசு பாக்கக் கூடாது" என்கிறார்கள். அதற்குப் பொருந்துவது, படைப்புகளைப் பகிர்வதற்கான பொது உரிமங்களைத் தரும் கிரியேட்டிவ் காமன்ஸின் வணிகமல்லாத உரிமம். ஆனால் அதை விக்கிமூலம் என்ற கட்டற்ற இணைய நூலகம் ஏற்காது. இரண்டுக்கும் ஒத்துவரும் வழி தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.