டிராப்என்ஏ போட்டும் காலி வரிசைகள் போகவில்லை, போனால் எல்லாமே போகிறது

கேள்வி:
வணக்கம். பைத்தான் நிரல்மொழி, அதில் அட்டவணைகளைக் கையாளும் பாண்டாஸ் நூலகம் இரண்டுமே எனக்குப் புதிது. ஒரு உடல்நலக் கணக்கெடுப்பின் சிஎஸ்வி கோப்பு, 842 வரிசை இருக்கிறது. எண், சுற்று, வயது, உயரம், எடை, குறிப்பு என்று ஆறு நெடுவரிசை. வயதோ எடையோ இல்லாத வரிசைகளைத் தூக்கிவிட வேண்டும், அவ்வளவுதான். கோப்பை டிஎஃப் என்ற அட்டவணையாக ஏற்றி, காலி உள்ள வரிசைகளை நீக்கும் டிஎஃப்.டிராப்என்ஏ() என்று எழுதி ஓட்டினேன், பிழை எதுவும் வரவில்லை, எண்ணிப் பார்த்தால் அதே 842. எடை == என்பி.என்ஏஎன் (என்ஏஎன் என்பது காலிக் கட்டத்துக்கான குறி) என்று வடிகட்டியும் பார்த்தேன், ஒரு வரிசைகூடச் சிக்கவில்லை, ஆனால் கோப்பைத் திறந்தால் காலிக் கட்டங்கள் கண்ணெதிரே கிடக்கின்றன. இரண்டு நாளாக இதிலேயே நிற்கிறேன், யாராவது வழி சொல்லுங்கள்.

பதில் 1:
டிராப்என்ஏ பழைய அட்டவணையைத் தொடாது, காலி நீக்கிய புது அட்டவணை ஒன்றைத் திருப்பித் தரும். அதை நீங்கள் எதிலும் பிடித்து வைக்கவில்லை. டிஎஃப் = டிஎஃப்.டிராப்என்ஏ() என்று எழுதுங்கள். அப்புறம், என்ஏஎன் தனக்குத் தானே சமமில்லை. பாண்டாஸ் வைத்த விதி அல்ல இது, 1985இல் வந்த, கணினியின் தசமப் புள்ளி எண்களுக்கான ஐஇஇஇ 754 தரத்திலேயே அப்படித்தான். அதனால் == போட்டு எத்தனை முறை தேடினாலும் கிடைக்காது, காலியா என்று பார்க்கும் இஸ்என்ஏ() போட்டுத்தான் தேட வேண்டும்.

கேட்டவர்:
மிக்க நன்றி நண்பரே. ஆனால் இப்போது 842 போய் 31 வரிசைதான் மிச்சம்! நிச்சயம் அத்தனை பேருக்குத் தகவல் விடுபடவில்லை.

பதில் 2:
குறிப்பு நெடுவரிசையைப் பாருங்கள், பெரும்பாலும் காலியாக இருக்கும். எதுவும் சொல்லாமல் விட்டால், ஒரு வரிசையில் ஒரே ஒரு கட்டம் காலி என்றாலும் முழு வரிசையையும் டிராப்என்ஏ தூக்கிவிடும். சப்செட் என்ற இடத்தில் வயது, எடை இரண்டை மட்டும் கொடுங்கள். அதற்கு முன்னால் டிஎஃப்.இஸ்என்ஏ().சம்() ஓட்டி, எந்த நெடுவரிசையில் எத்தனை காலி என்று இங்கே போடுங்கள். நீக்குவதற்கு முன் இதைப் பார்க்காமல் நான் ஒரு வரிசையையும் தொடுவதில்லை.

கேட்டவர்:
நீங்கள் சொன்னது சரி, குறிப்பு 34 பேருக்குத்தான் இருக்கிறது. எடை 57 காலி. ஆனால் வயது 0 காலி என்கிறது, கோப்பில் பார்த்தால் வயதும் சிலருக்கு இல்லையே?

பதில் 2:
அந்தக் கட்டங்கள் காலி மாதிரி தெரிகின்றன, காலி இல்லை. டிஎஃப்['வயது'].யுனிக்() என்று அச்சிட்டால் உள்ளே என்ன இருக்கிறது என்று மேற்கோள் குறியோடு தெரியும்.

கேட்டவர்:
ஆமாம்! '34', '51' நடுவே ' ' என்று ஒரு இடைவெளி, சில இடத்தில் '-'. எல்லாமே எழுத்தாகத்தான் இருக்கிறது, எண்ணே இல்லை.

பதில் 2:
அதுதான் காரணம். ஒன்றுமே இல்லாத கட்டத்தை, கோப்பைப் படிக்கும் ரீட்_சிஎஸ்வி தானாகவே என்ஏஎன் ஆக்கும், ஒரு இடைவெளி தட்டியிருந்தால் அதை எழுத்தாக எடுத்துக்கொள்ளும். அப்படி ஒரு கட்டம் இருந்தாலே போதும், மொத்த நெடுவரிசையும் எண்ணாக வராது. பிடி.டு_நியூமெரிக் எடுத்து எரர்ஸ்='கோஎர்ஸ்' கொடுத்தால் எண்ணாக மாறாதது எல்லாம் என்ஏஎன் ஆகிவிடும். ஒரே எச்சரிக்கை, '34 வயது' என்று யாராவது தட்டியிருந்தால் அதுவும் சத்தமில்லாமல் போய்விடும், அதனால் யுனிக் பட்டியலை முதலில் முழுக்கப் படித்துவிடுங்கள்.

கேட்டவர்:
படித்துவிட்டேன், இடைவெளியும் கோடும் தவிர வேறு இல்லை. இப்போது வயது 19 காலி. இரண்டும் சேர்த்து நீக்கினால் 770 மிச்சம். ஆனால் ஃபார் லூப்பில் டிஎஃப்.லோக்[0] என்றால் கீஎரர் வருகிறது.

பதில் 1:
நீக்கிய வரிசைகளோடு அவற்றின் எண்ணும் போய்விடும், 0 என்ற வரிசை போயிருக்கும். ரீசெட்_இன்டெக்ஸ்(டிராப்=ட்ரூ) போடுங்கள், வரிசை எண்கள் மீண்டும் 0இலிருந்து வரும், சரியாகிவிடும்.

பதில் 3:
ஒரு நிமிடம், 770ஐ வைத்து மேலே போவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். எடை இல்லாத அந்த 57 வரிசையைத் தனியாக எடுத்து, சுற்று நெடுவரிசையில் வேல்யூ_கவுண்ட்ஸ்() ஓட்டி, எந்தச் சுற்றில் எத்தனை என்று பாருங்கள். காலி எல்லாச் சுற்றிலும் சிதறிக் கிடந்தால் பெரிய பயமில்லை. ஒரே இடத்தில் குவிந்திருந்தால், நீக்கும்போது ஒரு கூட்டத்தையே கணக்கிலிருந்து வெளியே தள்ளுகிறீர்கள், சராசரி எல்லாம் மிச்சமிருப்பவர்கள் பக்கம் சாய்ந்துவிடும், நிரலோ எந்தப் பிழையும் காட்டாது.

கேட்டவர்:
பார்த்தேன். 57இல் 49 மூன்றாம் சுற்று! விசாரித்தால் அன்று பாதியில் எடை இயந்திரம் வேலை செய்யவில்லையாம், அதற்குப் பிறகு வந்த யாருக்கும் எடை எடுக்கவில்லை. அவர்களுடைய வயதும் உயரமும் ஒழுங்காகத்தான் பதிவாகியிருக்கின்றன.

பதில் 3:
அப்படியென்றால் மொத்தமாக நீக்காதீர்கள். மூல அட்டவணையை அப்படியே வைத்துக்கொண்டு, எடை தேவைப்படும் கணக்குக்கு மட்டும் சப்செட்டில் எடையைக் கொடுத்து அங்கேயே நீக்குங்கள். உயரத்தின் சராசரிக்கு அந்த 49 பேரும் வேண்டும்.

கேட்டவர்:
அப்படியே மாற்றிவிட்டேன். எடைக்கு 785, வயதுக்கு 823, இரண்டும் சேர்ந்த கணக்குக்கு 770. மூன்றாம் சுற்றில் எடை ஏன் குறைவு என்று அறிக்கையில் ஒரு வரி எழுதி, ஒவ்வொரு அட்டவணைக்குக் கீழும் எத்தனை வரிசை என்று போட்டிருக்கிறேன். மூவருக்கும் மனமார்ந்த நன்றி.