புதுப்பிப்பு: 34 சதவீதம் என்று வந்த ஆய்வேடு என்ன ஆனது

போன மாதம் இங்கே புலம்பியிருந்தேன், நினைவிருக்கும்: பிஎச்டி ஆய்வேட்டைச் சோதித்த மென்பொருள் மற்றவர்கள் எழுதியதோடு 34 சதவீதம் ஒத்துப்போகிறது என்று காட்டியது, நெறியாளர் பேசவே மறுத்தார். கருத்துகளில் ஒருவர் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) எழுத்துத் திருட்டைத் தடுக்கக் கொண்டுவந்த 2018 விதிமுறைகளைப் படிக்கச் சொன்னார், அவருக்குக் கோடி நன்றி.

படித்ததும்தான் புரிந்தது. உரிய மேற்கோள்கள், துணைநூற்பட்டியல், நன்றியுரை, பொதுவான சொற்கள், தற்செயலாக ஒத்துப்போகும் 14 சொற்கள் வரையிலான தொடர்கள் எல்லாம் கணக்கிலேயே சேராது. எங்கள் நூலகத்தில் எதையும் விலக்காமல் அப்படியே ஓட்டியிருக்கிறார்கள்! எழுதிக் கேட்டதும் மறுபடி ஓட்டினார்கள், 13 வந்தது.

சரி, இனி என் பக்கத்துத் தப்பு. 10 வரை தண்டனை கிடையாது, 10க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். ஆக 13ம் தப்பிக்கவில்லை. அந்த 13 முழுக்க இரண்டாம் அத்தியாயம், முன்னாய்வுகளைச் சொல்லும் பகுதி. கட்டுரைகளைத் திறந்து வைத்துக்கொண்டு வினைச்சொல்லை மட்டும் மாற்றி மாற்றி எழுதியிருக்கிறேன், அடிக்குறிப்பு போட்டாலே போதும் என்ற நினைப்பில்.

நெறியாளர் இப்போது பேசுகிறார். அந்த அத்தியாயத்தில் பக்கத்துக்குப் பக்கம் பென்சிலால் எழுதித் தந்திருக்கிறார், நாலு வருடத்தில் முதல் முறையாக. (இதை முன்னாடியே செய்திருக்கலாமே ஐயா!) கட்டுரைகளை மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதுகிறேன், பன்னிரண்டு பக்கம் முடிந்திருக்கிறது.